வில்லோ மரம் சொன்னது ஒன்று, ஹெல்மான்ட் கேட்டது ஒன்று

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் கேள்வி இது: "வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு வில்லோ கன்றை ஐந்து ஆண்டு தொட்டியில் வளர்த்து எடை போட்டுப் பார்த்தாராம். மரம் பல மடங்கு கூடியது, மண் குறையவே இல்லை, ஆகவே நீர்தான் மரமாக மாறியது என்றாராம். அது தவறு என்று டீச்சர் சொன்னார். ஒழுங்காக எடை போட்டுச் செய்த சோதனை எப்படித் தவறான விடை தரும்? அப்படியென்றால் நாங்கள் லேபில் செய்வதை மட்டும் எப்படி நம்புவது?"

டீச்சர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் ஹெல்மான்ட்டுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அவர் செய்த சோதனை தவறில்லை. சோதனை சொன்னதற்கு மேல் ஒரு படி தாண்டி அவர் ஒரு முடிவைச் சொன்னார், சறுக்கியது அங்கேதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கும் விடை கிடைத்துவிடும். அந்த இரண்டாம் பாதிதான் எனக்கு அதிகம் பிடித்தது.

அவர் என்ன செய்தார் என்று முதலில் பார்ப்போம். ஹெல்மான்ட் பிரஸ்ஸல்ஸ்காரர், மருத்துவர், ரசவாதத்திலும் ஈடுபாடு உள்ளவர். 1644இல் இறந்தார். இந்தச் சோதனையைப் பற்றிய குறிப்பு 1648இல் அவருடைய மகன் வெளியிட்ட நூலில் இருக்கிறது. மண்ணை உலையில் காயவைத்து, 200 பவுண்டு எடை போட்டு, ஒரு தொட்டியில் கொட்டினார். இன்றைய கணக்கில் சுமார் 90 கிலோ. அதில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டார். மழை நீரோ காய்ச்சி வடித்த நீரோ தவிர வேறு எதையும் ஊற்றவில்லை. வெளியிலிருந்து தூசி விழுந்து மண்ணின் எடையைக் கூட்டிவிடக் கூடாதே என்று தொட்டியின் வாயை ஒரு தகட்டால் மூடினார். ஐந்து ஆண்டு கழித்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் 169 பவுண்டும் சுமார் 3 அவுன்ஸும் இருந்தது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் பழைய 200 பவுண்டில் ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் குறைவு. நான்கு இலையுதிர் காலங்களில் கொட்டிய இலைகளை நான் எடை போடவில்லை என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ரெக்கார்டு நோட்டில் 'எடுக்க மறந்த அளவு' என்று எழுதுகிற மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, இந்த எண்கள் என்ன சொல்கின்றன? மரம் 164 பவுண்டு கூடியிருக்கிறது, மண் கிட்டத்தட்ட குறையவில்லை. ஆகவே மரத்தின் எடை மண்ணிலிருந்து வரவில்லை. இவ்வளவுதான் சோதனை சொன்னது. இது இன்றைக்கும் சரி. அதுவும் சாதாரண விஷயம் இல்லை. செடி தன் உணவை வேர் வழியாக மண்ணிலிருந்து தின்கிறது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து ஐரோப்பாவில் வழங்கிவந்த நம்பிக்கை. ஒரு தொட்டியையும் தராசையும் வைத்துக்கொண்டு அதை ஒருவர் சாய்த்துவிட்டார். இன்றும் வகுப்பில் "பெரிய ஆலமரம், அதன் எடை எல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் "மண்ணிலிருந்து, சார்" என்றுதான் சொல்கிறார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கிற அதே பிள்ளைகள்தான். மரம் இத்தனை பெரிதாக நிற்கிறதே, அதன் கீழே பள்ளம் ஏன் விழவில்லை என்று திருப்பிக் கேட்டால் கொஞ்ச நேரம் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஹெல்மான்ட் அங்கே நிறுத்தவில்லை. "மண் இல்லை, ஆகவே நீர்" என்றார். வீட்டில் டப்பாவில் இருந்த லட்டு காணவில்லை என்று வையுங்கள். வீட்டில் தம்பியும் தங்கையும்தான் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள். தம்பி அந்த நேரம் டியூஷனில் இருந்தது உறுதியாகத் தெரிந்துவிட்டது. அப்படியானால் தங்கைதான் தின்றாளா? வீட்டில் அந்த இருவர் மட்டுமே இருந்திருந்தால், ஆம். உள்ளறையில் பாட்டி படுத்திருந்ததை மறந்துவிட்டீர்கள் என்றால், பாவம், தங்கை வீண் பழி சுமக்க வேண்டியதுதான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சியதைப் பிடிக்கும் முறை நல்ல முறைதான். ஆனால் பட்டியலில் எல்லாரும் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே அதன் பலம். ஹெல்மான்ட்டின் பட்டியலில் மண்ணும் நீரும் மட்டுமே இருந்தன. காற்று இல்லை.

அந்தத் தகட்டு மூடி நினைவிருக்கிறதா? அதில் அவர் நிறைய ஓட்டைகள் போட்டிருந்தார். காற்றின் வழியே தூசி வரும் என்று யோசித்தவர், காற்றே உள்ளே போகிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாப் பொருளுக்கும் மூலம் நீர்தான் என்ற எண்ணம் சோதனைக்கு முன்பே அவர் மனத்தில் ஊறிப்போயிருந்தது. காற்று ஒரு திடப்பொருளாக ஆக முடியும் என்பது அந்தக் காலத்து ஆளுக்குத் தோன்றக்கூடிய எண்ணமும் இல்லை. அதனால் 164 பவுண்டு கூடியதும், தான் ஏற்கெனவே நம்பியிருந்தது நிரூபணமாகிவிட்டதாக அவருக்குப் பட்டது. நமக்குப் பிடித்த விடை வரும்போதுதான் நாம் சோதனையைத் துருவிப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். பிடிக்காத விடை வந்தால் தராசு சரியில்லை என்று பத்துத் தடவை நிறுத்துப் பார்ப்போம்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் இன்னொன்று உண்டு. 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இந்த ஹெல்மான்ட்தான். 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்ற 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக வெளியேறிவிடுகிறது என்று எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்கிறோமே, அதுதான். மரக்கரி எரிந்து அந்த வாயுவாகப் போகிறது என்று கண்டவருக்கு, அந்த வாயுவே மரமாக வந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. இரண்டு கண்டுபிடிப்பும் ஒரே தலைக்குள், ஒரே நூலுக்குள் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

எலி செய்முறை ஒன்றும் அவர் எழுதியிருக்கிறார். அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் ஒரு பாத்திரத்தில் போட்டு வைத்தால் 21 நாளில் எலிகள் உண்டாகிவிடுமாம்! சிரிக்காதீர்கள். 21 நாள் கோதுமையைத் திறந்து வைத்தால் நம் வீட்டிலும் எலி வரும். அவர் பார்த்தது பொய்யில்லை. எலி வெளியிலிருந்து வந்திருக்கலாமே என்று கேட்டு, எலி நுழைய முடியாத இன்னொரு பாத்திரத்தில் அதே சட்டையையும் கோதுமையையும் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த இரண்டாவது பாத்திரத்தைத்தான் கட்டுப்பாட்டுச் சோதனை என்கிறோம். 1668இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சித் துண்டுகளைத் திறந்த ஜாடிகளிலும் மூடிய ஜாடிகளிலும் வைத்தார். திறந்தவற்றில் மட்டும் புழு வந்தது. மூடியதில் காற்று போகாததால்தான் புழு வரவில்லை என்று யாராவது சொல்லக்கூடும் என்று யோசித்து, மெல்லிய துணி கட்டிய ஜாடிகளையும் வைத்தார். காற்று போகும், ஈ போகாது. புழு வரவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே யோசிக்கிற இந்தப் பழக்கம் இல்லாமல் எந்தச் சோதனையும் தேறாது.

வில்லோவுக்கு வருவோம். லண்டனில் ஜான் உட்வர்ட் புதினாச் செடிகளை மண்ணே இல்லாமல் நீரில் வளர்த்துப் பார்த்து, 1699இல் அதை வெளியிட்டார். ஒன்றுக்கு மழை நீர், ஒன்றுக்குத் தேம்ஸ் ஆற்று நீர், ஒன்றுக்குத் தோட்ட மண் கலந்த நீர், இப்படி. கலங்கல் நீரில் நின்ற செடிகள்தான் நன்றாக எடை கூடின. வேர் உறிஞ்சிய நீரில் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகப் போய்விடுகிறது என்பதையும் கண்டார். ஹெல்மான்ட்டின் ஒற்றை மரத்தைவிட இது பல படி மேல். ஒப்பிட்டுப் பார்க்கப் பல செடிகள் இருக்கின்றன. ஆனால் முடிவு என்ன சொன்னார் தெரியுமா? செடி உருவாவது நீரால் இல்லை, மண்ணால்தான் என்றார். பழைய பட்டியலையே வைத்துக்கொண்டு பழியை மட்டும் மாற்றிப் போட்டார். பாட்டி இன்னும் உள்ளறையில்தான் இருக்கிறார்.

காற்று பட்டியலுக்குள் வந்தது அடுத்த நூற்றாண்டில். 1771 ஆகஸ்டில் ஜோசப் ப்ரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்துபோன காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் இன்னொரு மெழுகுவத்தி நன்றாக எரிந்தது. செடி காற்றை ஏதோ செய்கிறது! ஆனால் மறுபடி மறுபடி செய்து பார்த்தபோது எல்லாத் தடவையும் அப்படி வரவில்லை. சில சமயம் காற்று மேலும் கெட்டுத்தான் போனது.

இந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? லேபில் நம் பிள்ளைகள் செய்வது எனக்குத் தெரியும்: வராத விடையை அழித்துவிட்டு, வர வேண்டிய விடையை எழுதுவார்கள். ப்ரீஸ்ட்லி பொய் சொன்னார் என்று முடிவு கட்டுவது இன்னொரு வழி. யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் மூன்றாவது வழியில் போனார். ஒரே சோதனை ஒரு நாள் ஒரு விடையும் மறுநாள் வேறு விடையும் தந்தால், அந்த இரண்டு நாளுக்கும் இடையில் நாம் கவனிக்காத ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். 1779 கோடையில் லண்டனுக்கு அருகே ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு 500க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்தார். மாறியது வெளிச்சம். வெயில் பட்டால் இலை காற்றைச் சரிசெய்கிறது, இருட்டில் கெடுக்கிறது. வெயிலின் சூடு காரணமா, ஒளி காரணமா என்றும் பிரித்துப் பார்த்தார், ஒளிதான். அதிலும் பச்சையான பாகங்கள் மட்டுமே அந்த வேலையைச் செய்கின்றன. வேரும் பூவும் பகலிலும் காற்றைக் கெடுக்கின்றன. ப்ரீஸ்ட்லியின் விடை முன்னுக்குப் பின் முரணாக வந்ததற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு இல்லை. ஜாடி ஜன்னலோரம் இருந்ததா, மூலையில் இருந்ததா என்பதுதான் விடையைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது, அதை ஒரு விஷயமாகவே யாரும் குறித்து வைக்கவில்லை. ஆய்வறிக்கையில் நேரம், இடம், வெளிச்சம் எல்லாம் எழுதச் சொல்லி ஆசிரியர்கள் நச்சரிப்பது இதனால்தான்.

அடுத்த இருவர் ஜெனீவாக்காரர்கள். 1782இல் செனபியே, கார்பன் டை ஆக்சைடு இருந்தால்தான் இலை ஆக்சிஜன் தருகிறது என்று காட்டினார். 1804இல் தியோடர் டி சொசூர் கணக்குப்பிள்ளை மாதிரி வரவு செலவு பார்த்தார். அளந்த கார்பன் டை ஆக்சைடுக்குள் செடியை வைத்து, செடி எவ்வளவு கார்பன் எடுத்தது, அதன் உலர் எடை எவ்வளவு கூடியது என்று பார்த்தால், எடுத்த கார்பனைவிடக் கூடிய எடை அதிகம். மிச்ச எடை நீரிலிருந்துதான் வந்திருக்க முடியும். ஆக ஹெல்மான்ட் சொன்ன நீரும் உள்ளே இருக்கத்தான் செய்கிறது.

இப்போது கணக்கை நாமே முடித்துவிடலாம், பத்தாம் வகுப்பு அணு எடைகளே போதும். ஆறு கார்பன் டை ஆக்சைடும் ஆறு நீரும் சேர்ந்து ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜனும் ஆகின்றன. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. அதில் கார்பன் 72, ஆக்சிஜன் 96, ஹைட்ரஜன் 12. கார்பன் காற்றிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை, ஹைட்ரஜன் நீரிலிருந்து வந்தது என்பதிலும் சந்தேகமில்லை. அந்த 96 ஆக்சிஜன் யாருடையது? நீரிலும் ஆக்சிஜன் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடிலும் இருக்கிறது. எடை போட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எல்லா ஆக்சிஜனும் ஒரே மாதிரிதான் இருக்கும். 1941இல் ரூபனும் கேமனும் கொஞ்சம் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளத்துக்காக நீரில் சேர்த்து, பாசிக்குக் கொடுத்தார்கள். பாட்டி மேல் சந்தேகம் வந்து லட்டில் மஞ்சள்பொடி தடவி வைப்பது மாதிரி. வெளியே வந்த ஆக்சிஜன் வாயுவில் அந்த அடையாளம் இருந்தது. அதாவது செடி வெளியேவிடும் ஆக்சிஜன் நீருடையது. குளுக்கோஸில் தங்குகிற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடு கொண்டுவந்தது. ஆகவே 180இல் 168 காற்றிலிருந்து வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! நீரின் பங்கு அந்த 12 ஹைட்ரஜன் மட்டும்.

இது உலர்ந்த பொருளின் கணக்கு. வெட்டிய பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை ஈரம். ஹெல்மான்ட் மரத்தைப் பச்சையாகத்தான் நிறுத்தார், மண்ணை மட்டும்தான் காயவைத்தார். அதனால் அவர் தராசில் ஏறிய 169 பவுண்டில் பாதியளவு உண்மையிலேயே நீர்தான். மரத்தையும் காயவைத்து நிறுத்திருந்தால் அவருக்கே கொஞ்சம் உறுத்தியிருக்குமோ என்னவோ.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 விழுக்காடுதானே, அதிலிருந்து இத்தனை பெரிய மரமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் கார்பன் சுமார் 0.2 கிராம். உலர்ந்த மரத்தில் பாதி எடை கார்பன் என்பதால், ஒரு கிலோ உலர்ந்த மரத்துக்கு 500 கிராம் கார்பன் வேண்டும். அதற்கு 2,500 கன மீட்டர் காற்றைச் சலிக்க வேண்டும். இருபதுக்கு இருபது அடி வகுப்பறை, பத்தடி உயரம் என்றால் அப்படி 22 வகுப்பறைக் காற்று. பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் மரம் ஆயிரக்கணக்கான இலைகளை விரித்துக்கொண்டு வருடக் கணக்கில் நிற்கிறது, காற்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு மரத்துக்கு எதற்கு இத்தனை இலைகள் என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

அப்போது மண்ணுக்கு வேலையே இல்லையா? விறகு அடுப்பு எரித்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு கட்டு விறகை எரித்தால் மிஞ்சுவது சில கைப்பிடி சாம்பல். மரம் மண்ணிலிருந்து வாங்கியதில் பெரும்பகுதி அந்தச் சாம்பல்தான்: பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ். நைட்ரஜனும் மண்ணிலிருந்து வந்ததுதான், எரியும்போது அது வாயுவாகப் போய்விடுகிறது. சாம்பாரில் உப்பு எத்தனை கிராம்? மொத்த எடையில் அது ஒன்றுமில்லை. அதற்காக உப்பில்லாமல் சாப்பிட முடியுமா? மெக்னீசியம் இல்லாமல் பச்சையம் இல்லை, நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை. உரத்தைச் 'செடிக்குச் சாப்பாடு' என்று சொல்லும் வழக்கம்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது. சாப்பாட்டைச் செடி தானே சமைத்துக்கொள்கிறது, நாம் உப்பும் புளியும் வாங்கித் தருகிறோம்.

ஹெல்மான்ட்டின் அந்த 2 அவுன்ஸ் குறைவும் இந்தக் கனிமங்கள்தான் என்று பல பாட நூல்களில் எழுதியிருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 2 அவுன்ஸ் என்பது 60 கிராமுக்கும் குறைவு. 164 பவுண்டில் ஈரத்தைக் கழித்தால் 35 கிலோவுக்கு மேல் உலர்ந்த மரம் இருந்திருக்கும். சாம்பல் 1 விழுக்காடு என்று வைத்தால்கூட 350 கிராம் வர வேண்டும். ஐந்து ஆண்டு மழை நீர் கொஞ்சம் உப்புகளைக் கொண்டுவந்திருக்கலாம். அதைவிட, 90 கிலோ மண்ணை உலையில் காயவைத்து நிறுத்து, ஐந்து ஆண்டு கழித்து வேரிலிருந்து உதறி எடுத்து, மறுபடி அதே அளவுக்குக் காயவைத்து நிறுக்கும்போது 60 கிராம் இப்படி அப்படி ஆகாமல் இருக்குமா? அந்தக் குறைவு அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடியது. அதை வைத்து ஒன்றுமே சொல்லக் கூடாது என்பது என் கட்சி. 164 பவுண்டு அப்படியில்லை. பிழை எவ்வளவு இருந்தாலும் அதை விழுங்கிவிட முடியாது. ஒரே சோதனையின் ஒரு எண்ணை நம்பலாம், இன்னொரு எண்ணை நம்பக் கூடாது.

இனி உங்கள் லேபுக்கு வருவோம். அரை இலைச் சோதனை செய்திருப்பீர்கள். செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டு, ஒரு இலையின் பாதியை, அடியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள குடுவைக்குள் செருகி, வெயிலில் வைப்பார்கள். கரைசல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும். பிறகு அயோடின் ஊற்றினால் வெளியே இருந்த பாதி கருநீலமாகும், உள்ளே இருந்த பாதி ஆகாது. ஆகவே ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடு தேவை. நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, முடிந்தது.

இப்போது எதிர்க்கட்சி வக்கீலாக உட்காருங்கள். உள்ளே இருந்த பாதிக்கும் வெளியே இருந்த பாதிக்கும் கார்பன் டை ஆக்சைடு மட்டுமா வித்தியாசம்? உள்ளே இருந்தது ஒரு கண்ணாடிக்குள் இருந்தது. அங்கே சூடு வேறு, ஈரப்பதம் வேறு, வெளிச்சமும் கொஞ்சம் குறைவு. காரக் கரைசலின் துளி இலையில் பட்டிருக்கலாம். இவற்றில் எது மாவுச்சத்தைத் தடுத்தது? வெளியே இருந்த பாதியை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. இன்னொரு இலையை இதே போன்ற இன்னொரு குடுவையில், கரைசலுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். அங்கே உள்பாதியும் கருநீலமானால் குடுவை மேல் குற்றமில்லை, கரைசல் செய்த வேலைதான் என்று சொல்லலாம். ஒரு குடுவை, ஒரு லோட்டா தண்ணீர் கூடுதல் செலவு. டீச்சரிடம் கேட்டுச் செய்து பாருங்கள். இரண்டு இலையோடு நிறுத்தாமல் நான்கைந்து இலைகளில் செய்தால் இன்னும் நல்லது. ஹெல்மான்ட்டிடம் இருந்தது ஒரே மரம், அது நோஞ்சான் மரமா வளமான மரமா என்று ஒப்பிட வேறு மரம் இல்லை. 'எப்படி நம்புவது' என்று கேட்டீர்களே, அரை இலைச் சோதனையை நான் நம்புவது அந்தத் தண்ணீர்க் குடுவையைப் பார்த்த பிறகுதான்.

வீட்டில் பெரியவர்கள் சொல்வதிலும் இதே கண்ணோடு பார்க்க நிறைய இருக்கிறது. ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே, பேய் அடிக்கும் என்பார்கள். படித்தவர்கள் அதைத் திருத்தி, பேய் இல்லை, மரம் இரவில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, அதுதான் காரணம் என்பார்கள். மரம் இரவில் சுவாசிக்கிறது என்பது உண்மை. பகலிலும் சுவாசிக்கத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மனிதர் ஒரு நாளில் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் ஒரு கிலோ. மூன்று பேர் சின்ன அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்குகிறோம், எழுந்தும் விடுகிறோம். திறந்த வெளியில், காற்றோட்டத்தில் நிற்கும் மரம் விடுவது அப்படியே கலைந்து போய்விடும். பேய்க்குப் பதிலாக ஒரு வேதியியல் பெயரை வைத்துவிட்டால் மட்டும் அது அறிவியல் ஆகிவிடாது. புளியமரத்தடியில் படுக்காதே என்பதற்குப் பூச்சி, பாம்பு என்று எத்தனையோ நல்ல காரணங்கள் இருக்கலாம், அது வேறு.

அரச மரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரூபனும் கேமனும் கண்டதை இங்கே வையுங்கள். ஆக்சிஜன் வருவது நீர் உடைவதால். நீரை உடைக்க ஒளி வேண்டும். இருட்டில் எந்த மரமும் அதைச் செய்ய முடியாது. கள்ளி, அன்னாசி, கற்றாழை போன்றவை இரவில் கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுத்து, அமிலமாக்கிச் சேர்த்து வைக்கின்றன, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்துகின்றன. எடுத்து வைப்பது இரவில் என்றாலும் ஆக்சிஜன் வருவது பகலில்தான். இதன் முதல் துப்பு கிடைத்ததில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாவரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று ஆகிவிடுகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதியது 1815இல் அச்சானது. தராசு இல்லை, குடுவை இல்லை, வெறும் நாக்கு. ஆனால் ஒரே இலையை வெவ்வேறு நேரத்தில் ஒப்பிட்டார் பாருங்கள், அதுதான் விஷயம். நீங்கள் நாக்கில் வைக்க வேண்டாம், லிட்மஸ் தாள் போதும்.

கடைசியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று. பச்சைப்பயறு வாங்கி, 20 கிராம் வீதம் மூன்று பங்கு நிறுத்துக்கொள்ளுங்கள். முதல் பங்கை உலர்வாக அப்படியே வைத்துவிடுங்கள். இரண்டாவதை ஊறவைத்து, ஈரத்துணி விரித்த தட்டில் பரப்பி, வெளிச்சமே புகாத அலமாரியில் வையுங்கள். மூன்றாவதையும் அப்படியே ஊறவைத்துப் பரப்பி, வெயில் வருகிற ஜன்னலோரம் வையுங்கள். மண் எதிலும் இல்லை. இரண்டு தட்டுக்கும் துணி காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், பத்துப் பன்னிரண்டு நாள். பிறகு வேர், இலை, உரிந்த தோல் எதையும் விடாமல் மூன்று பங்கையும் தனித்தனியாக வெயிலில் காயவையுங்கள். இனி எடை குறையவில்லை என்று ஆகும்வரை தினம் நிறுத்துப் பாருங்கள். கிராம் கணக்கில் காட்டுகிற தராசு வேண்டும். காய்கறிக்கடைத் தராசு சரிப்படாது.

இருட்டுத் தட்டில் முளைகள் வெளுத்து, நெடுநெடுவென்று நீண்டு, பார்க்க ஏகப்பட்டதாக இருக்கும். அதற்குக் கிடைத்தது நீர் மட்டும். ஹெல்மான்ட் சொன்னது சரி என்றால் அதன் உலர் எடை முதல் பங்கைவிடக் கூடியிருக்க வேண்டும். நான் மேலே சொன்னது சரி என்றால் அது குறைந்திருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாமல் சமைக்க முடியாது, ஆனால் சுவாசிக்க வேண்டும், கையிருப்பு கார்பன் டை ஆக்சைடாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஜன்னலோரத் தட்டு எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்து, பயறை ஊறப்போடுவதற்கு முன்பே தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.